சுனாமி புகுந்த கிணற்றை இறைத்தும் ஏன் உவர் போகவில்லை?

2004 டிசம்பர் 26 பற்றிப் பேசினால் தொண்டர்கள் கொண்டுவந்த சோற்றுப் பார்சலும் உடுப்பும்தான் பலருக்கு நினைவு வரும். கடல் ஏறிய கரையோரமெங்கும் கிணறு கலக்கி இறைத்தவர்களும் இருந்தார்கள். அந்த வேலையை மெச்சுபவர்கள் குறைவு. அதில் ஒரு சிக்கலும் இருந்தது.

முல்லைத்தீவு, கள்ளப்பாடு போன்ற மணற்பாங்கான கரைகளில் நிலத்தடி நன்னீர் ஒரு மெல்லிய படை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. உப்புநீர் கனம் கூடியது என்பதுதான் காரணம். தெளிந்த ரசத்தை நினையுங்கள்: அகப்பையை மெல்ல விட்டால் தெளிவு வரும், அவசரப்பட்டால் மண்டி கிளம்பும்.

கிணறும் அப்படித்தான். நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலேறப் பார்க்கும் என்பது கணக்கு. பெரிய பம்ப் பூட்டி, கிணறு வற்றும்வரை திரும்பத் திரும்ப இறைத்தால் நல்ல தண்ணீர் போய் உவர் ஏறும். (வெயிலில் நின்று இறைக்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!) சேற்றையும் குப்பையையும் அள்ளி, அளவாக இறைத்துவிட்டுப் பொறுத்திருப்பதே நல்லது. மண்ணில் ஊறிய உப்பை மாரிமழைதான் மெல்லமெல்லக் கழுவ வேண்டும்.

குளோரின் போட்டால் உவர் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது.