பட்டினி போட்டும் எல்சி3 பட்டை மங்குகிறதே, ஆன்டிபாடி பழுதா?

கேள்வி: ஹீலா செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்) 4 மணி நேரம் அமினோ அமிலம் இல்லாத இபிஎஸ்எஸ் உப்புக் கரைசலில் பட்டினி போட்டு, ஆட்டோஃபேஜியின் அடையாளப் புரதமான எல்சி3-ஐ எல்சி3பி ஆன்டிபாடியால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் காணும் முறை) பார்த்தேன். ஆட்டோஃபேஜி, அதாவது செல் தன் பாகங்களையே சிதைத்து மறுபடி பயன்படுத்துவது, கூடியிருக்க வேண்டும். ஆனால் பட்டை கன்ட்ரோலைவிட மங்கலாக இருக்கிறது. 10 சதவீத ஜெல்லில் ஒரே பட்டைதான் தெரிகிறது. ஆட்டோஃபேஜியால் சிதைய வேண்டிய பி62 புரதத்தின் அளவும் குறையவில்லை. ஆன்டிபாடியை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளுக்கும் ஆன்டிபாடியைக் குறை சொல்லாமலே காரணம் காட்ட முடியும்.

முதலில் ஜெல். எல்சி3 மிகச் சிறிய புரதம். முதல் வடிவம் 16–18 கிலோடால்டனிலும், கொழுப்பு இணைந்த இரண்டாம் வடிவம் 14–16 கிலோடால்டனிலும் ஓடும். இரண்டாவதுதான் உண்மையில் எடை கூடியது. அதில் இணைந்த பாஸ்ஃபாடிடைல் எத்தனாலமைன் காரணமாக ஜெல்லில் முந்திக்கொள்கிறது. 10 சதவீத ஜெல்லில் இவை சாய முனையோடு ஒட்டி ஒரே கறையாகிவிடும். 15 சதவீத ஜெல்லோ 4–20 சதவீத கிரேடியன்ட் ஜெல்லோ எடுங்கள். நீலச் சாயம் ஜெல்லை விட்டு வெளியேறும் முன் நிறுத்துங்கள். மெம்பிரேனுக்கு 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் நல்லது, 0.45 மைக்ரானில் சிறிய புரதம் துளை வழியே மறுபுறம் போய்விடலாம். மெத்தனாலில் நனைத்த பிறகே பயன்படுத்துங்கள். 20 சதவீத மெத்தனால் கலந்த பஃபரில், 100 வோல்ட்டில் ஒரு மணி நேர ஈர டிரான்ஸ்ஃபர் போதும். பெரிய புரதங்களுக்காக இரவு முழுக்க ஓட்டும் வழக்கம் இங்கே ஆகாது.

ஜெல் சரியான பிறகும் சில செல் வகைகளில் முதல் வடிவம் தெரியாமலே போகலாம். பல ஆன்டிபாடிகள் இரண்டாம் வடிவத்தையே நன்றாகப் பிடிக்கின்றன. முதல் வடிவம் உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் சிதையவும் செய்யும். ஆகவே லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள். இரண்டாம் வடிவத்தை முதல் வடிவத்தால் வகுத்து விகிதம் காட்டுவதை இதனாலேயே விட்டுவிடலாம். இரண்டாம் வடிவத்தை, அளவு அதிகம் மாறாத ஆக்டின் புரதத்தோடு ஒப்பிட்டால் போதும்.

இனி முக்கியமான விஷயம். பட்டை காட்டுவது அந்த நொடியில் செல்லில் இருக்கும் அளவை மட்டுமே. சிதைக்க வேண்டியதைச் சுற்றி உருவாகும் சவ்வுப் பைதான் ஆட்டோஃபேகோசோம். அது செல்லின் சிதைவு அறையான லைசோசோமோடு இணைந்ததும் உட்புறத்தில் உள்ள எல்சி3 சிதைக்கப்படுகிறது. பட்டினி வேலை செய்தால், இரண்டாம் வடிவம் சற்று நேரம் ஏறி, பிறகு இறங்கும். 4 மணி நேரத்தில் உங்கள் பட்டை மங்கியது ஆட்டோஃபேஜி வேகமாக நடந்ததால்கூட இருக்கலாம். மறுபுறம், லைசோசோம் அடைபட்ட செல்லில் பட்டை கொழுக்கும். அதைப் பார்த்து ஆட்டோஃபேஜி கூடியது என்று எழுதிவிடுவார்கள்.

எனவே லைசோசோமில் நடக்கும் சிதைவைத் தடுக்கும் பாஃபிலோமைசின் என்ற மருந்தோடு, செல் வளர்க்கும் தட்டில் நான்கு கிணறுகள் வையுங்கள்: சாதாரண மீடியம், சாதாரண மீடியத்துடன் பாஃபிலோமைசின் ஏ1, பட்டினி, பட்டினியுடன் பாஃபிலோமைசின். அளவு 100 நானோமோலார், கடைசி 2 மணி நேரம் மட்டும். மற்ற இரண்டு கிணறுகளுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ (மருந்தைக் கரைக்கும் திரவம்) சேருங்கள். பாஃபிலோமைசின் சேர்த்த இரண்டையும் ஒப்பிடுங்கள். பட்டினியில் பட்டை தடித்தால் ஆட்டோஃபேகோசோம் உருவாக்கம் கூடியிருக்கிறது. பட்டினிக் கிணற்றில் பாஃபிலோமைசின் எந்த மாற்றமும் தராவிட்டால் சிதைவு ஏற்கெனவே தடைப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மருந்தை இரவு முழுக்க விட்டால் வேறு விளைவுகளும் கலந்துவிடும்.

பட்டினியே நடந்ததா என்பதும் கேள்வி. மீடியத்தை வடித்துவிட்டு நேரே இபிஎஸ்எஸ் ஊற்றினால், மிச்சமிருக்கும் அமினோ அமிலம் ஆட்டோஃபேஜியை அடக்கும் எம்டார் புரதத் தொகுதியை இயக்கிக்கொண்டே இருக்கும். இருமுறை கழுவுங்கள். எம்டார் பாஸ்பேட் சேர்க்கும் எஸ்6 கைனேஸின் 389ஆம் த்ரியோனினில் அந்தப் பாஸ்பேட் குறைந்ததா என்று ஒரு பாஸ்போ ஆன்டிபாடியால் சரிபார்க்கலாம்; லைசிஸ் பஃபரில் பாஸ்ஃபடேஸ் தடுப்பான் இருக்க வேண்டும்.

பி62 தொல்லை பிடித்த புரதம். அது ஆட்டோஃபேஜியால் சிதைவது ஒரு பக்கம், அழுத்தச் சூழலில் மரபணுக்களை இயக்கும் என்ஆர்எஃப்2 புரதம் வழியே புதிதாக உற்பத்தியாவது இன்னொரு பக்கம். இரண்டும் ஈடுகட்டிக்கொண்டால் பட்டை அசையாது. பி62 திரளும் புரதமும்கூட. டிரைட்டான் பஃபரில் கரையாத பங்கு வண்டலோடு போய்விட, அது சிதைவு போலத் தோன்றும். 1 சதவீத எஸ்டிஎஸ் சேர்த்து, 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, சோனிகேட் செய்யுங்கள். பிறகு புரத அளவைப் பிராட்ஃபோர்டால் பார்க்காதீர்கள், எஸ்டிஎஸ் அதைக் குழப்பும். பிசிஏ முறையே சரி. ஒரு லேனுக்கு 20–30 மைக்ரோகிராம் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஆன்டிபாடியைச் சோதியுங்கள். எல்சி3-இல் கொழுப்பை இணைக்கத் தேவையான ஏடிஜி5 அல்லது ஏடிஜி7 மரபணுவை நீக்கிய செல்லில் இரண்டாம் வடிவப் பட்டை மறைந்து, முதல் வடிவம் தேங்க வேண்டும். இரண்டாம் வடிவத்தின் இடத்தில் மறையாமல் நிற்கும் பட்டை எல்சி3-இன் இரண்டாம் வடிவம் அல்ல. மரபணு நீக்காத சாதாரண செல்லை ஏடிஜி5 ஆன்டிபாடியால் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தப் புரதம் பெரும்பாலும் ஏடிஜி12 உடன் இணைந்தே இருப்பதால், 32 அல்ல, சுமார் 55 கிலோடால்டனில் பட்டையைத் தேடுங்கள்.

நுண்ணோக்கியில் எல்சி3 புள்ளிகளை (ஆட்டோஃபேகோசோம்கள்) எண்ணத் திட்டமிருந்தால் ஆன்டிபாடியை அதற்கென்று தனியாகச் சரிபார்க்க வேண்டும். பிளாட்டில் நன்றாக வேலை செய்யும் ஆன்டிபாடி அங்கே ஏமாற்றலாம். மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் நிலைப்படுத்துங்கள், அல்லது பாராஃபார்மால்டிஹைடுக்குப் பின் டிஜிடோனினால் மென்மையாகத் துளையிடுங்கள். டிரைட்டான் கூடினால் சவ்வில் ஒட்டிய எல்சி3 கழுவுதலோடு போய்விடும்.