பைக்கில் சாய்ந்த கரகம்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பால்பாயிண்ட் பேனாவால் படம் வரைவது என் வழக்கம். கரகாட்டக் கலைஞர் ஒருவர் முழு அலங்காரத்தோடு பைக்கில் சாய்ந்துகொண்டு கைப்பேசி பார்ப்பதுபோல் அண்மையில் வரைந்தேன். படத்தை இணைத்திருக்கிறேன். “இது கணக்கு எழுதுகிற பேனா, ஓவியத்துக்கு ஆகாது” என்கிறார் ஓவிய ஆசிரியர். “நம் பண்பாட்டைக் கேலி செய்கிறாய்” என்கிறார் தாய்மாமா. வாட்டர் கலருக்கு மாறிவிடட்டுமா? இப்படிக் கலந்து வரைவது தவறா?
– பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: தம்பி, ஆசிரியருக்கான பதில் சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். டோக்கியோவில் 1980இல் பிறந்த ஷோஹெய் ஓடோமோ எண்ணெய் ஓவியம் படித்தவர். அந்தச் சாமான்களின் விலை கட்டுப்படியாகாமல் பால்பாயிண்ட் பேனாவுக்கு வந்தார், அதிலேயே பெயரும் வாங்கினார். சுமோ மல்லர், கிமோனோ அணிந்த பெண், பச்சை குத்திய அடியாள் என்று பழைய ஜப்பானையும் இன்றைய நகரத்து வாழ்க்கையையும் ஒரே தாளில் மோத விடுவார். பெரும்பாலும் கறுப்பு மைதான், எங்கோ ஓரிடத்தில் மட்டும் சிவப்பு. ஆக, உங்கள் வேலைக்கு ஒரு மூத்தவர் இருக்கிறார். வாட்டர் கலரை ஆசையிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள், பயந்து மாறாதீர்கள்.

உங்கள் கையிலிருக்கும் பேனாவும் ஒரே ஊர்க்காரன் அல்ல. ஹங்கேரியில் பத்திரிகையாளராக இருந்த லாஸ்லோ பிரோ, அச்சு மை சட்டென்று உலர்வதைப் பார்த்து அதுபோன்ற கெட்டி மையில் எழுதும் பேனாவைத் தேடினார். யூதர்களுக்கு எதிரான சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் 1943இல் அர்ஜென்டினாவில் காப்புரிமை பெற்றார்.

மாமாவின் கோபம் வேறு வகை. பூஜை அறையில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி படத்தை அவரிடம் காட்டலாம். ரவி வர்மா ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையில் தீட்டிய உருவங்கள், 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து ஜெர்மானியத் தொழில்நுட்பர்களின் உதவியோடு வீடு வீடாகப் போயின. இன்றைய காலண்டர் லட்சுமி அந்த வழியில் வந்தவள்தான். ஆனால் இந்த வாதத்தில் ஜெயித்துவிட்டுப் படுத்துத் தூங்காதீர்கள். மாமா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அது உங்கள் படத்திலேயே தெரிகிறது.

பைக்கை எவ்வளவு அக்கறையாக வரைந்திருக்கிறீர்கள்! பிரேக் வயர் வளைகிற இடம், சைலன்சரில் விழுந்த நசுங்கல், சீட்டின் கிழிசல் எல்லாம் இருக்கின்றன. தினமும் பார்க்கிற வண்டி போலும். கரகத்துக்கு வந்தால் கை தடுமாறுகிறது. உச்சியில் கிளி வைத்திருக்கிறீர்கள், அது மேடையில் ஆடும் ஆட்டக் கரகத்துக்கு உரியது. செம்பைச் சுற்றி வேப்பிலை, எலுமிச்சம்பழம் வைத்தது யார்? அது அம்மனுக்கு நீர் நிரப்பி எடுக்கும் சக்திக் கரகம். பைக்கும் கரகமும் ஒரே தாளில் சேர்ந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆட்டக் கலைஞர்கள் இன்று வண்டியில்தானே ஊருக்கு ஊர் போகிறார்கள்? இரண்டு கரகத்தையும் ஒன்றாக்கியதுதான் தவறு. ஒரு பாதியைப் பார்த்து வரைந்தீர்கள், மறு பாதியை எங்கோ அச்சான படத்திலிருந்து எடுத்தீர்கள். பார்ப்பவருக்குக் கேலி என்று தோன்றுவது அதனால்தான்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தைப் பாருங்கள். 1831 வாக்கில் வந்த அந்த மரக்கட்டை அச்சில் உள்ள நீலம், பெர்லினில் பிறந்த பிரஷ்யன் நீலம். நிறம் வெளியூர்ச் சரக்கு என்று எவரும் குறை சொல்வதில்லை. அலையும் படகும் அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தன.

இனி பேனா சங்கதி. உங்கள் நிழல்கள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் கறுத்துக் கிடக்கின்றன. பேனாவை முனையிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, தாளை வருடுவதுபோல் கோடிழுங்கள், சாம்பல் நிறம் வரும். அதன்மேல் வேறு திசையில் இன்னொரு அடுக்கு, பிறகு இன்னொன்று. முகத்துக்கு மூன்று நான்கு அடுக்காவது வேண்டும். வெளிச்சம் விழும் இடத்தை முதலிலேயே குறித்துக்கொண்டு தொடாமல் விடுங்கள், பிறகு அங்கே வெள்ளையைக் கொண்டுவர வழியில்லை. கோலிமுனையில் சேரும் மைக்கட்டியை அடிக்கடி துணியில் துடையுங்கள். அந்தக் கலைஞரின் கன்னத்தில் இருப்பது மச்சமா, மைத்திட்டா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சட்டம் போட்டு மாட்டுவதானால் வெயில் படாத சுவராகப் பாருங்கள். இந்த மைகளில் பெரும்பாலானவை சாயம், வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். அதற்குமுன் ஒரு ஸ்கேன் எடுத்து வைப்பது நல்லது.

இந்தப் படத்தைத் திருத்த முயலாதீர்கள், புதுத் தாளில் தொடங்குங்கள். அதற்குமுன், அடுத்த திருவிழாவுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய், ஆட்டம் முடிந்தபின் அந்த அக்காவிடம் அனுமதி கேட்டுச் செம்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கரகத்துக்கு எது என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.