விக்டோரியா காலத்துச் சாகசக் கதைகளில் முதலில் எதைப் படிக்கலாம்?

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சாகச நாவல்களைப் பள்ளியில் சுருக்கமாகப் படித்ததோடு சரி. இப்போது முழுதாகப் படிக்க ஆசை. பெரியவர்களுக்கு அவை சுவைக்குமா? எதில் தொடங்கலாம்?

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய 'டிரெஷர் ஐலண்ட்'. அதில் தொடங்குங்கள். ஆனால் முழுப் புத்தகமாக.

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு அதுதான் ஆங்கில நான்-டீடெயில். அறுபது பக்கம் இருந்தால் அதிகம். ஜிம் நல்ல பையன், லாங் ஜான் சில்வர் கெட்டவன், கடைசியில் புதையல் கிடைத்தது என்று கதைச் சுருக்கம் எழுதி மார்க் வாங்கியாயிற்று. அந்தக் கதை எனக்குத் தெரியும் என்றே இருபத்தைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் போனில் முழு நாவலையும் எடுத்தேன். பதினோராவது அத்தியாயம் வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இடத்தைச் சொல்கிறேன். ஜிம் ஒரு சத்திரக்காரரின் மகன். புதையல் வரைபடம் ஒன்று அவன் கைக்கு வர, ஊர்ப் பெரியவர்கள் கப்பல் பிடித்துப் புறப்படுகிறார்கள். கப்பலின் சமையல்காரன்தான் சில்வர். இடது கால் இடுப்போடு போனவன், தோளில் கிளி, வாய் நிறையப் பேச்சு. முதல் சந்திப்பிலேயே ஜிம்மைப் பார்த்து, சின்னப் பையனாக இருந்தாலும் நீ படு சூட்டிகை என்று புகழ்கிறான். அப்பாவை இழந்திருந்த பையன் அப்படியே மயங்கிப்போகிறான்.

தீவு நெருங்கும் சமயம், ஒரு மாலையில், ஆப்பிள் தின்னலாம் என்று ஜிம் கப்பல் தளத்தில் இருக்கும் பீப்பாய்க்குள் இறங்குகிறான். அடியில் ஒன்றிரண்டுதான் மிச்சம். உள்ளே இருட்டு, கப்பலின் ஆட்டம், தண்ணீர்ச் சத்தம். கண் சொக்கும் நேரத்தில் யாரோ ஒரு கனத்த ஆள் வந்து பீப்பாயில் சாய்ந்து உட்கார, பீப்பாயே குலுங்குகிறது. சில்வரின் குரல். பக்கத்தில் இருக்கும் இளம் மாலுமி ஒருவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறான். எப்படி? சின்னப் பையனாக இருந்தாலும் நீ படு சூட்டிகை, பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன் என்று. ஜிம்மிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

அதைக் கேட்டதும், முடிந்திருந்தால் பீப்பாய் வழியாகவே அவனைக் கொன்றிருப்பேன் என்கிறான் ஜிம். கொலைத் திட்டம் இன்னும் அவன் காதில் விழவில்லை, அது அடுத்த பக்கங்களில்தான் வருகிறது. அவனை அவ்வளவு ஆத்திரப்படுத்தியது அந்தப் பாராட்டு தனக்கு மட்டும் சொன்னதில்லை என்று தெரிந்ததுதான். நாம் பெரிதாக மதிக்கும் ஒருவர் நம்மிடம் சொன்னதையே இன்னொருவரிடமும் அதே குரலில் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அந்த வலி தெரியும். பதின்மூன்று வயதில் எனக்கு அது புரிந்திருக்காது. ஆனால் புரியவோ புரியாமல் போகவோ எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நான் படித்த சுருக்கத்தில் அந்த வாக்கியமே இல்லை. ஜிம் பீப்பாயில் ஒளிந்து சதியை ஒட்டுக்கேட்டான், அவ்வளவுதான் இருந்தது.

அடுத்து சில்வர் அந்த மாலுமியிடம், எழுந்து போய் எனக்கு ஒரு ஆப்பிள் எடுத்து வா என்கிறான். அப்புறம் என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன்.

நாவல் முழுக்க இந்த இழுபறி ஓடுகிறது. சில்வர் ஊன்றுகோலை வீசி ஒருவனை வீழ்த்திக் கத்தியால் குத்திக் கொல்வதை ஜிம் மறைந்திருந்து கண்ணால் பார்க்கிறான். அதற்குப் பிறகும் அவனை முழுதாக வெறுக்க முடியவில்லை, நமக்கும் முடியவில்லை. புயலில் கப்பல் ஆடும்போது ஊன்றுகோலைச் சுவரில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்து நின்று, தரையில் நிற்பவன் போல நிதானமாகச் சமைப்பான். அந்தச் சித்திரத்தையும் கொலையையும் ஒரே ஆளிடம் வைத்ததுதான் ஸ்டீவன்சனின் பெரிய சாதனை என்பது என் எண்ணம். சில்வருக்கு அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டது தன் நண்பர், கவிஞர் டபிள்யூ. இ. ஹென்லியை. எலும்பில் காசநோய் வந்து இடது காலை இழந்தவர் ஹென்லி. உடம்பு ஒடிந்தும் அடங்காத அவருடைய ஆளுமையிலிருந்துதான் சில்வர் பிறந்தான் என்று ஸ்டீவன்சனே அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

இந்த நாவல் எழுதப்பட்ட கதையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1881இல், ஸ்காட்லாந்தின் பிரேமர் என்ற ஊரில், விடாத மழை. மனைவியின் மகன் லாயிடுக்கு 13 வயது. அவனோடு சேர்ந்து பொழுதுபோக்காக ஒரு தீவின் வரைபடத்தை ஸ்டீவன்சன் வண்ணத்தில் வரைகிறார். அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கதை பிறந்தது. காலையில் ஒரு அத்தியாயம் எழுதுவார், சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டாருக்குப் படித்துக் காட்டுவார். கதையில் பெண்களே கூடாது என்பது லாயிடின் நிபந்தனை. ஸ்டீவன்சனின் அப்பா தாமஸ் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர். கதையில் வரும் செத்துப்போன மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது அவர்தான். 15 நாளில் 15 அத்தியாயம், அதற்குமேல் ஒரு சொல் நகரவில்லை. மிச்சத்தை சுவிட்சர்லாந்தின் தாவோஸில் போய்த்தான் முடித்தார். அப்போது உடம்பும் சரியில்லை, வருடத்துக்கு 200 பவுண்டுகூட அவர் சம்பாதித்ததில்லை.

'யங் ஃபோக்ஸ்' என்ற சிறுவர் பத்திரிகையில், கேப்டன் ஜார்ஜ் நார்த் என்ற புனைபெயரில் தொடராக வந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1883இல் கேசல் நிறுவனம் புத்தகமாகப் போட்டபோதுதான் நாடே படித்தது. இதில் எனக்கு மனசு கஷ்டப்படும் ஒரு சங்கதி உண்டு. பதிப்பகத்துக்கு அனுப்பிய அந்த மூல வரைபடம் போய்ச்சேரவே இல்லை. கதையில் எந்தக் குன்று எங்கே இருக்கிறது என்று வரிவரியாகத் தேடிக் குறித்து, அப்பாவின் அலுவலகத்தில் புதிதாக ஒன்று வரையவேண்டி வந்தது. இன்றைக்குப் புத்தகங்களில் நாம் பார்ப்பது அந்த இரண்டாவது வரைபடத்தைத்தான். அது தனக்கு ஒருபோதும் அந்தத் தீவாகத் தோன்றவில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார்.

இது முடிந்ததும் 'கிட்நாப்டு' (1886) எடுக்கலாம். அதே ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்து மலைப்பகுதி, தப்பி ஓடும் இருவரின் நட்பு. மூன்றாவதாக ஆண்டனி ஹோப்பின் 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா' (1894). ராஜா ஜாடையில் இருப்பவன் ராஜாவாக நடிக்கும் கதை. 'நாடோடி மன்னன்' பார்த்தவர்களுக்கு அந்தச் சரக்கு பழக்கமாகவே இருக்கும். இரண்டே நாளில் முடித்துவிடலாம்.

ரைடர் ஹாகர்டின் 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' (1885) பற்றிக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறேன். 'டிரெஷர் ஐலண்ட்' போல உன்னால் எழுத முடியுமா என்று ஹாகர்டுக்கும் அவருடைய சகோதரருக்கும் நடந்த பந்தயத்தில் பிறந்த நாவல் அது. விறுவிறுப்பில் குறையே இல்லை. ஆனால் ஆப்பிரிக்க மக்களை அது பார்க்கும் பார்வை பல இடங்களில் உறுத்துகிறது. தந்தத்துக்காக யானைகளைச் சுட்டுத் தள்ளும் பக்கங்களை என்னால் வேகமாகத் தாண்டத்தான் முடிந்தது. அதில் ஒரு கிரகணம் வரும். முதல் பதிப்பில் பௌர்ணமிக்கு மறுநாளே சூரிய கிரகணம் என்று எழுதிவிட்டார். அமாவாசையில்தானே சூரிய கிரகணம் வரும்? பிறகு வந்த பதிப்புகளில் அதைச் சந்திர கிரகணமாக மாற்றினார்.

மொழி பற்றிப் பயம் வேண்டாம். கப்பல் பாகங்களின் பெயர்கள் முதலில் மிரட்டும். ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறந்தால் கதை நின்றுவிடும், அப்படியே தாண்டிப் போங்கள். மாலுமிகளின் கொச்சைப் பேச்சு புரியாத இடத்தில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதுக்குப் பிடிபட்டுவிடும். ஒரு இரவுக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்குச் சற்று மேலே ஆகும். தொடராக வந்த கதை என்பதால் அந்த வேகம் அதற்குப் பொருந்துகிறது.

காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால் கடையில் அட்டையைப் பார்த்து எடுக்காதீர்கள். 34 அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பதினோராவது அத்தியாயத்தைத் திறந்து, பீப்பாய்க்குள் ஜிம்முக்கு வந்த அந்தக் கோபம் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வாங்கிவிடலாம்.