எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) வரைதான் படித்தேன், கணினி நிரல் எழுதக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

பட்டர்வொர்த்தில் மளிகைக் கடைக் கல்லாவில் இருப்பதாகவும், பைத்தான் படிப்பதா ஜாவா படிப்பதா என்று குழப்பமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். 1991இலிருந்து இருக்கிற மொழி, இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். எந்த மொழி என்ற யோசனையை இதோடு விட்டுவிடலாம். எந்தக் கணக்கை முதலில் எழுதுவது என்பதுதான் பெரிய விஷயம். நல்ல கணக்கு ஒன்று உங்கள் கல்லாவிலேயே இருக்கிறது.

2008 ஏப்ரலிலிருந்து நம் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் பில்லை 5 சென்னுக்குச் சரிக்கட்டுகிறோம் அல்லவா? 12 வெள்ளி (ரிங்கிட்) 82 சென் வந்தால் 12.80 வாங்குவீர்கள். 12.83 என்றால் 12.85. உங்களுக்கு இது பழகிப்போயிருக்கும், ஆனால் கணினிக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதை முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். மொத்தத்தைச் சென்னாக மாற்றி 5ஆல் வகு. மீதி 1 அல்லது 2 என்றால் அதைக் கழி. 3 அல்லது 4 என்றால் 5க்கு எவ்வளவு குறைகிறதோ அதைக் கூட்டு. மீதி இல்லையென்றால் தொடாதே. இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டால் பாதி நிரல் முடிந்த மாதிரிதான்.

பைத்தான் 3இல் மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

மொத்தம் = 1283
மீதி = மொத்தம் % 5

சதவீதக் குறி இங்கே வகுத்த பிறகு மிஞ்சுவதைத் தரும், அதாவது 3. அதற்குப் பிறகு வரும் 'என்றால்' எல்லாம் பைத்தானில் இஃப் (if).

இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள். தட்டச்சு செய்வதை வாங்கும் இன்புட் (input) மூலம் 650, 320 என்று இரண்டு விலையை வாங்கிக் கூட்டினால் 970 வராது, 650320 வரும். தட்டச்சு செய்ததைப் பைத்தான் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்கிறது. இன்ட் (int) போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். இன்னொன்று, வெள்ளியைப் புள்ளி வைத்து எழுதாதீர்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும், ஏனென்றால் கணினி 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணில் கணக்குப் போடுகிறது, அதில் 0.1 மிச்சமில்லாமல் அடங்காது. சென்னிலேயே முழு எண்ணாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

நான் பாயான் லெப்பாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், வார இறுதியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காணொளி மட்டும் பார்க்கிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். தனக்குத் தெரிந்த கணக்கை எழுதிப் பார்க்கிற பிள்ளை தானாகவே அடுத்த கேள்வியோடு வந்து நிற்கும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

பிழை வந்தால் பயப்படாமல் செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும், எந்த வரி என்பது அதற்குச் சற்று மேலே. ஓடத் தொடங்கியதும் 1280 முதல் 1289 வரை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சரிபாருங்கள். பத்தும் சரியாக வந்தால், அடுத்து ஒரு வாடிக்கையாளரின் பத்துச் சாமான்களை லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது) போட்டுக் கூட்டுங்கள்.