தண்ணீர்ப் பந்தல் போட முடிகிறது, ரோட் டேக்ஸ் கட்ட முடியவில்லையே?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 36. ஜாலான் அம்பாங்கில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நீளமான கடிதம்; சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர், தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு என்று போன வருஷம் சொன்னார்கள். பரிசோதனையில் கொடுத்த பாரத்தை நிரப்பும்போது, எல்லாக் கேள்வியும் என்னைப் பற்றியே கேட்ட மாதிரி இருந்தது. ரோட் டேக்ஸ் முடிந்ததை மறந்து இரண்டு தடவை சம்மன் வாங்கியிருக்கிறேன். மாதக் கணக்கை மூன்று வாரம் தொடாமல் வைத்திருந்து, கடைசி ராத்திரி விடிய விடிய உட்கார்ந்து முடிப்பேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், 'தைப்பூசத்துக்கு நாற்பது பேரை வைத்துத் தண்ணீர்ப் பந்தல் போடத் தெரியுது, அதுக்கு மட்டும் எங்கிருந்து கவனம் வருது?' என்கிறார். மாமியார், 'பொம்பளைக்குப் பொறுப்பு வேணும், அதுக்கு மாத்திரை கிடையாது' என்கிறார். இந்த வயதில் இது வருமா? மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவேனா? ஆபீஸ் யூரின் டெஸ்டில் மாட்டுமா? முதலாளியிடம் சொல்ல வேண்டுமா?"

அன்புள்ள சகோதரி, உங்கள் கணவர் கேலியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் இத்தனை கேள்விகளில் அவருடையதுதான் முக்கியமானது. பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கவனக் குறைபாடு என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். உங்களிடம் கவனத்துக்குப் பஞ்சமில்லை. அதை வேண்டிய வயலுக்குத் திருப்பிவிடும் மடைதான் சொன்னபடி கேட்பதில்லை. பந்தல் வேலையை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஆட்கள். தைப்பூசம் யாருக்காகவும் ஒரு நாள் தள்ளிப்போகாது. மோர் கொடுத்தால் வாங்கிக் குடிப்பவரின் முகத்தில் உடனே பலன் தெரிகிறது. ரோட் டேக்ஸுக்கு இதில் ஒன்றும் இல்லை. தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய சலிப்பான வேலை, செய்தாலும் கைதட்ட ஆளில்லை. ஒரு வேலையைத் தொடங்கவும் தொடரவும் மூளைக்கு டோபமின், நார்அட்ரினலின் என்னும் ரசாயனங்களின் துணை வேண்டும். ஆர்வம், அவசரம், புதுமை, பக்கத்தில் ஆள் என்று ஏதாவது இருந்தால் ஏடிஎச்டி உள்ளவருக்கும் வண்டி ஓடிவிடும். 'இது முக்கியம்' என்று தெரிந்திருப்பது மட்டும் மற்றவர்களை எழுப்பி உட்கார வைக்கும் அளவுக்கு அவரை எழுப்புவதில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வீட்டில் 'மனசு வைத்தால் முடியும்' என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் அதையே அறிகுறியாகக் குறித்துக்கொள்கிறோம். என்னிடம் வரும் பெரியவர்கள் அநேகமாக எல்லாருமே இருபது, முப்பது வருஷம் 'அலட்சியம்' என்ற சொல்லைக் கேட்டு, அதை நம்பியும் விட்டவர்கள். அந்த நம்பிக்கையைக் கழற்றுவதற்கு மாத்திரையைவிட அதிக நாள் பிடிக்கிறது.

இந்த வயதில் வருமா? புதிதாக வராது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறைப்படி, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலையிடம் என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் 12 வயது என்றால் ஆறாம் ஆண்டு. அதாவது உங்கள் தமிழ்ப்பள்ளிக் காலம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அம்மா வீட்டு அலமாரியில் பழைய ரிப்போர்ட் கார்டு இருந்தால் தேடி எடுத்துவையுங்கள். 'கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது', 'எப்போதும் பேச்சு', 'வீட்டுப்பாடம் கொண்டுவருவதில்லை' என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி, என் அரை மணி நேர விசாரணையை மிச்சப்படுத்தும். கார்டு இல்லையென்றால் அம்மாவையோ அக்காவையோ கூட்டிவரலாம்.

அன்று யாரும் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை. மேசை மேல் ஏறிக் குதித்த பையன்கள் மாட்டிக்கொண்டார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள் தப்பித்தார்கள், அல்லது கைவிடப்பட்டார்கள். சிறுவயதில் ஆண் பிள்ளைகளிடமே அதிகம் கண்டறியப்படும் இந்தக் குறைபாடு, பெரியவர்களிடம் ஏறக்குறைய சமமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். மகனுக்குப் பிறகு தாய்க்குத் தெரியவருவதும் அடிக்கடி நடப்பதுதான். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இதில் மரபின் பங்கு சுமார் 74 விழுக்காடு. இது ஏதோ கைப்பேசி காலத்து மோஸ்தர் என்று யாராவது சொன்னால், அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1798-லேயே இத்தகைய கவனச் சிதறலை எழுதிவைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. டிக்டாக்கைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏடிஎச்டி பற்றி அதிகம் பார்க்கப்பட்ட 100 டிக்டாக் காணொளிகளில் 52 தவறான தகவல் தருபவை என்று தெரிந்தது. தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே இதே வேடத்தில் வரும். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான் ஏடிஎச்டி. மறதி நூறு பேருக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விப் பட்டியலை நிரப்பிப் பாருங்கள். ஆனால் அது வாசல்தான், வீடு இல்லை.

எங்கே போவது? பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் சொல்லி, மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனை இருக்கிறது. லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும், செராஸில் துவாங்கு முரிஸ் மருத்துவமனையும் இருக்கின்றன. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். காத்திருப்பு மட்டும் நீளம். தனியாரில் சீக்கிரம் பார்ப்பார்கள், பணம் கரையும்.

இனி மாத்திரை. மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து 1944-இல் தயாரிக்கப்பட்டது. இவ்வளவு காலம் புழங்கி, இவ்வளவு ஆராயப்பட்ட மனநல மருந்துகள் குறைவு. இங்கே அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் 'அப்போ இது டாடாவா, போதைப்பொருளா?' என்று பயப்படுகிறார்கள். சியாபு என்னும் போதைப்பொருள் வேறு, இது வேறு. மருத்துவர் சொன்ன அளவில் விழுங்கும் மாத்திரை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். போதைக்கு வேண்டிய திடீர் ஏற்றம் அதில் இல்லை. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றுக் கூடலாம். இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பமாகும் திட்டம் எதுவாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டோமாக்ஸெட்டின் என்ற வேறு வகை மருந்து உண்டு. மருந்தே வேண்டாம் என்றால் அதுவும் உங்கள் உரிமை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்: சுவீடனில் 17,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுத்த காலங்களில் ஆண்களுக்குக் கடுமையான சாலை விபத்து ஆபத்து 58 விழுக்காடு குறைவாக இருந்தது. பெண்களிடம் அவ்வளவு தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

யூரின் டெஸ்ட் இருந்தால் மாதிரி கொடுப்பதற்கு முன்பே மருத்துவர் கடிதத்தைக் காட்டிவிடுங்கள். சிங்கப்பூருக்கு மாத்திரையோடு போவதென்றால் அங்கே முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஜொகூர் பாலத்தில் நின்று யோசிக்கிற விஷயம் இல்லை.

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். உங்கள் அனுமதி இல்லாமல் மருத்துவரும் சொல்ல மாட்டார். பெயரை விட்டுவிட்டுத் தேவையைக் கேளுங்கள்: "மாதக் கணக்கை வாரா வாரம் நான்காகப் பிரித்துக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் என்னோடு உட்கார்ந்து சரிபாருங்கள்." இதைக் கேட்கச் சான்றிதழ் தேவையில்லை. இன்சூரன்ஸ் பாரத்தில் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள், பிற்பாடு கிளெய்முக்கு ஆபத்து.

மாமியார் நேர்த்திக்கடன் வைக்கச் சொன்னால் தாராளமாக வையுங்கள், பால்குடத்துக்கும் மருந்துக்கும் சண்டை இல்லை. கணவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், அவர் தேநீரோடு பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கட்டும். நீங்கள் அந்த வாரத்துப் பில்களை முடியுங்கள். அவர் திட்டவும் வேண்டாம், உதவவும் வேண்டாம், சும்மா இருந்தால் போதும். தண்ணீர்ப் பந்தலில் உங்களை ஓட வைத்ததில் பாதி அதுதான்.

கிளினிக்கில் தேதி கொடுத்ததும் அதை அவருடைய கைப்பேசியிலும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஏடிஎச்டி பரிசோதனைக்கு வர வேண்டிய நாளை மறந்துவிட்டு, மறுநாள் அழுதுகொண்டே போன் பண்ணுகிறவர்கள் எனக்கு வாரத்துக்கு ஒருவராவது உண்டு.