பெயர் சொல்லும் வேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மொரிஷியஸின் எபேனில் உள்ள ஒரு நிதி நிர்வாக நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாகக் கணக்காளராக இருக்கிறேன். கணக்காளர்களுக்கான ஏ.சி.சி.ஏ. தேர்வுகளையும் முடித்துவிட்டேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர் இந்த ஆண்டு எனக்கே மேலாளராகிவிட்டார். அவர் லிங்க்ட்இன் தளத்தில் வாரந்தோறும் எழுதுகிறார். எல்லாக் கூட்டங்களிலும் பேசுகிறார். "நிறைகுடம் தளும்பாது, நீ உன் வேலையைப் பார்" என்கிறார் அம்மா. என்னை நானே விளம்பரம் செய்துகொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது இல்லாமல் முன்னேறவே முடியாதா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அம்மா சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் காலத்தில் ஒருவர் ஒரே அலுவலகத்தில், ஒரே பெரியவரின் கண்ணெதிரே முப்பது ஆண்டுகள் வேலை செய்தார். குடம் நிறைந்திருப்பதை அந்தப் பெரியவர் தினமும் பார்த்தார். எபேனில் இன்று உங்கள் பதவி உயர்வைத் தீர்மானிப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் மேசைப் பக்கம் வந்தே இருக்கமாட்டார்கள்; ஒருவர் லண்டனிலிருந்தோ ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தோ திரையில் தோன்றுவார்.

மனிதவளத் துறையில் இருந்த இருபது ஆண்டுகளில் அத்தகைய கூட்டங்களில் நான் பலமுறை அமர்ந்திருக்கிறேன். பெயர்ப் பட்டியல் ஒன்று வாசிக்கப்படும். ஒரு பெயருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். ஒருவர் பெயர் வந்ததும், "போன ஆண்டு தணிக்கையாளர் எழுப்பிய நாற்பது கேள்விகளுக்கும் ஒரே வாரத்தில் பதில் கொடுத்து முடித்தவர் இவர்தான்" என்று யாராவது சொல்வார். மற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்த பெயருக்கு, "நல்ல பெண், கடுமையாக உழைப்பவர்" என்பார்கள், எல்லோரும் தலையசைப்பார்கள், உடனே அதற்கடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். 'கடுமையாக உழைப்பவர்' என்ற அந்தப் பாராட்டு எத்தனை திறமைசாலிகளை அதே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது என்பதை எண்ணினால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் சொல்வதற்கு என்று ஒரு செய்தியை உங்கள் மேலதிகாரியின் கையில் நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா என்பதுதான் நான் உங்களிடம் கேட்க விரும்பும் கேள்வி.

தன்னையே ஒரு வணிகப் பெயர் போல வளர்த்துக்கொள்ளும் 'பர்சனல் பிராண்ட்' என்ற பேச்சு, அமெரிக்க நிர்வாக ஆலோசகர் டாம் பீட்டர்ஸ் 1997-இல் எழுதிய ஓர் இதழ்க் கட்டுரைக்குப் பிறகு பரவலாயிற்று. சோப்புக்கும் காலணிக்கும் உரிய சொல்லை மனிதருக்குச் சூட்டியதால்தான் உங்களைப் போன்றவர்களுக்குக் கூச்சம் வருகிறது என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் இதற்கு வேறு பேச்சு உண்டு: 'நல்ல பெயர் எடு' என்றுதான் நம்மை வளர்த்தார்கள். பெயரை வேலையால்தான் எடுக்க முடியும். ஆனால் செய்த வேலை பிறர் எடுத்துச் சொல்லக்கூடிய வடிவத்தில் இல்லாவிட்டால், அந்தப் பெயர் உங்களிடம் வந்து சேராது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அலுவலகத்துக்காக மூன்று மாதம் இரவும் பகலும் உழைத்துப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தயாரித்தேன். அச்சாகி வந்தபோது அதில் என் பெயர் எங்கும் இல்லை. கேட்பது மரியாதை இல்லை என்று நானும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து வேறோர் இடத்தில் நேர்காணலுக்குப் போனபோது, அந்தக் கையேடு மேசை மீதே இருந்தது. அதை எழுதியவள் நான் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

ஆகவே முதலில் ஒரு நோட்டை எடுத்து, எட்டு ஆண்டுகளில் செய்தவற்றை எழுதுங்கள். 'ஐந்து முதலீட்டு நிதியங்களின் கணக்கைப் பார்த்துக்கொண்டேன்' என்று எழுதினால் அது வெறும் வேலை விவரம்; யார் வேண்டுமானாலும் எழுதலாம். 'மாத இறுதிக்குப் பின் நிகரச் சொத்து மதிப்பைக் கணக்கிட்டு அனுப்பப் பன்னிரண்டு வேலை நாட்கள் ஆகிக்கொண்டிருந்தன. வங்கி அறிக்கைகளைச் சரிபார்க்கும் வரிசையை மாற்றியதால் ஏழு நாட்களில் முடித்தோம்' என்று எழுத முடிந்தால், அதில் நீங்கள் தெரிகிறீர்கள். உடன் உழைத்தவர்களின் பங்கையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்; தற்பெருமைக்கும் கணக்குக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதிலிருந்து ஒரு பக்கத்தை மேலதிகாரிக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த நல்ல மேலதிகாரிகள் யாரும் அதை அதிகப்பிரசங்கித்தனமாக எடுத்துக்கொண்டதில்லை. ஆண்டு மதிப்பீட்டின்போது அவர்கள் தேடி அலைவது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

அடுத்து, உங்கள் பெயரோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டிய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி கட்டுவதைத் தவிர்க்க 1982-இல் இந்தியாவுடன் நம் நாடு செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் நம் நிதித் துறையின் வளர்ச்சியில் பெரும் பங்கு வகித்தது. அது 2016-இல் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கப்பட்ட இந்தியப் பங்குகளை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்கலாம் என்றாயிற்று. இந்த மாற்றத்தை அன்றாடக் கணக்கில் எப்படிக் கையாள்வது என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மதிய இடைவேளையில் அரை மணி நேரம் விளக்கிப் பாருங்கள். உங்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை. பொருளைப் பற்றி மட்டும் பேசினால் போதும். கூச்சமுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு, பேசியதையே சுருக்கி லிங்க்ட்இன்னில் எழுதலாம். வாரம் ஒன்று வேண்டாம். மாதம் ஒன்று, சரியாக இருந்தால் போதும்.

அப்படி எழுதும்போது வாடிக்கையாளரின் பெயரோ தொகையோ வரக்கூடாது. 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், உங்கள் பணி ஒப்பந்தத்தில் உள்ள இரகசியக் காப்பு விதியும் இருக்கின்றன. அதற்கு மேல், 65 கிலோமீட்டர் நீளமே உள்ள தீவில், பெயரை மறைத்து எழுதினாலும் 'இது அவர்கள்தானே' என்று பத்துப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே நடந்த கதையை விட்டுவிட்டு, விதியையும் முறையையும் எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகரை ஒட்டிய ஓர் ஊரில், வேலை மாறியவர்களை ஆராய்ந்து 1973-இல் வெளியிட்ட முடிவு இது: தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ 17 சதவீதத்தினருக்கு மட்டுமே அடிக்கடி சந்திப்பவர்களால் அது கிடைத்தது, மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவதோ அரிதாகவோ சந்திப்பவர்களால் கிடைத்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்திலிருந்துதான் வரும் என்பது அவர் கூறிய காரணம். காவடித் திருநாளில் வாழை இலையில் ஏழு கறிச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்து, "இப்போது எங்கே வேலை?" என்று கேட்கும் அந்த உறவினரிடம், நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். நம் ஊரில் 'யார் மகள்' என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆவல் உண்டு. 'எதில் கெட்டிக்காரி' என்பதை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: நான் இளம் பொறியாளர். பிறப்புச் சான்றிதழில் என் குடும்பப் பெயர் ஒரு மாதிரி, பல்கலைக்கழகச் சான்றிதழில் வேறு மாதிரி எழுதப்பட்டுள்ளது. லிங்க்ட்இன்னில் நண்பர்கள் அழைக்கும் பிரெஞ்சுப் பெயரை வைத்திருக்கிறேன். வெளிநாட்டார் உச்சரிக்க வசதியாக, நீண்ட தமிழ்ப் பெயரை ஒரேயடியாகச் சுருக்கிவிடலாமா?
– வாசகர், காத்ர் போர்ன்

பதில்: தம்பி, இந்தக் குழப்பம் உங்களால் வந்ததன்று. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொன்னே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களும், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களும் தங்கள் பெயரை வாயால் சொன்னார்கள். எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்ததைத் தங்களுக்குப் பழக்கமான எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். அண்ணன் தம்பி இருவர் பெயரே இரண்டு விதமாகப் பதிவாயின. தந்தையின் இயற்பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்துபோயிற்று. முத்துசாமி என்ற ஒரே பெயர் இன்று எத்தனை எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்பதை நம் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் அறிவார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தக் குடியேற்றப் பதிவேடுகள் காக்கப்படுகின்றன; ஒருமுறை போய்ப் பாருங்கள், உங்கள் பெயர் மீது பிரியம் கூடும்.

தொழிலுக்கு வருவோம். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டல் எதுவோ, அதையே தன்விவரக் குறிப்பு, மின்னஞ்சல் முகவரி, லிங்க்ட்இன், பொறியாளர் அமைப்பில் உள்ள பதிவு எல்லாவற்றிலும் ஓர் எழுத்தும் மாறாமல் வையுங்கள். வேலை தருபவர் சான்றிதழைச் சரிபார்க்கும்போது இரண்டு பெயர் இருந்தால் ஐயம் உங்கள் மீதுதான் விழும். எனவே பல்கலைக்கழகப் பதிவாளரிடம் திருத்தம் கேட்டு இப்போதே விண்ணப்பியுங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால், ஆய்வாளர்களுக்கான ஆர்க்கிட் (ORCID) என்னும் 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகப் பெறலாம். பெயர் எப்படி எழுதப்பட்டாலும் கட்டுரை உங்களுடையதாகவே பதிவாகும்.

சுருக்குவது உங்கள் உரிமை. ஆயினும் என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன்: வேண்டாம். லிங்க்ட்இன் செயலியில் பெயரை நம் குரலிலேயே பத்து விநாடிக்குள் பதிந்து வைக்க வசதி இருக்கிறது. அதில் உங்கள் பெயரை நிறுத்தி, தெளிவாகச் சொல்லி வையுங்கள். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஒரே பிரெஞ்சு முதற்பெயரில் நூறு பேர் இருக்கும் இடத்தில், உங்கள் நீண்ட குடும்பப் பெயரைத் தேடினால் நீங்கள் ஒருவர் மட்டுமே வருவீர்கள் என்பதும் சிறிய ஆதாயமன்று.

கேள்வி: தன்விவரக் குறிப்பில் 'தமிழ் தெரியும்' என்று போடலாமா? சிரிப்பார்களோ?
– கல்லூரி மாணவி, கியூர்பீப்

பதில்: போடுங்கள், ஆனால் எவ்வளவு தெரியும் என்று போடுங்கள். 'பேசுவேன், வாசிப்பேன், தொழில்முறைக் கடிதம் எழுதுவேன்' என்பவற்றில் எது உண்மையோ அதை மட்டும். சென்னையில் உள்ள அணியோடு தினமும் பேச வேண்டிய வேலைகள் இங்கே இருக்கின்றன. நேர்காணலில் ஒருவர் திடீரென்று தமிழில் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. சர்க்கரை ஆலையில் 24 ஆண்டுகள் கொதிகலன் பராமரிப்பில் இருந்தேன். ஆலை மூடிய பிறகு அங்கங்கே ஒப்பந்த வேலை செய்கிறேன். கணினி தெரியாது, பட்டயம் எதுவும் இல்லை. இந்த 'பிராண்ட்' எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு உண்டா?
– வாசகர், மாயேபூர் அருகில்

பதில்: ஐயா, உங்களுக்குத்தான் மிகவும் தேவை. ஆலைக்குள் உங்கள் பெயரைச் சொன்னாலே போதும் என்று இருந்த இடம் இப்போது இல்லை. உங்கள் திறமையை அறிந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ஆனால் கொதிகலன் ஆலையில் மட்டும் இல்லை. ஹோட்டல்களின் சலவைக்கூடத்திலும், சாயமிடும் தொழிற்சாலையிலும், கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களிலும் நீராவி ஓடுகிறது. கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் கொதிகலனைப் பிரித்து, குழாய்களைச் சோதித்து, ஜூன் மாதத்துக்குள் மீண்டும் பூட்டித் தந்த கை உங்களுடையது. அதைத் தாளில் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

மொரிஷியஸ் தகுதிகள் ஆணையம், அனுபவத்தால் பெற்ற அறிவை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஏற்பாட்டை நடத்துகிறது. வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைகளின் ஆதாரத் தொகுப்பை அளித்து, மதிப்பீட்டாளர் முன் விளக்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டுகள், பணிச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிக்குச் சென்ற தாள், கொதிகலன் முன் நின்று எடுத்த படம் எதையும் எறிந்துவிடாதீர்கள். ஆலையில் நடந்த பெரிய பழுதுகள் ஐந்தை நினைவுக்குக் கொண்டுவந்து, எந்த ஆண்டு, எந்தக் கொதிகலன், என்ன கோளாறு, நீங்கள் என்ன செய்தீர்கள், எத்தனை மணி நேரத்தில் ஓட வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். மகனோ மகளோ எழுதட்டும். தட்டச்சு அவர்களுடையதாக இருக்கலாம், சொற்கள் உங்களுடையதாக இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் கேட்கும்போது பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

அந்தத் தாளில் உங்களுக்கு மேலே இருந்த பொறியாளரின் கையெழுத்தையும் வாங்குங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று உங்கள் பழைய தோழர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். தொலைபேசியில் கேட்காமல், தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்விடுங்கள்.