மொரீஷியஸின் ஒன்பதாண்டுக் கல்வித் திட்டத்தை ஆசிரியர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

என் கணிப்பில், பாதி மனதோடுதான். 2017இல் ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் சிபிஇ தேர்வு போய் பிஎஸ்ஏசி தேர்வு வந்தது. ஆனால் போட்டி ஓயவில்லை, ஒன்பதாம் வகுப்புக்கு நகர்ந்தது. கியூர்பிப் ராயல் கல்லூரி போன்ற அகாடமிகளில், அதாவது பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கிய தேர்ந்தெடுத்த பள்ளிகளில், இடம் கிடைத்தது ஒன்பதாம் வகுப்பு முடிவில் எழுதும் என்சிஇ தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். அப்புறம் டியூஷன் எப்படி நிற்கும்?

உண்மையான தலைவலியாக இருந்தது நீட்டிப்புப் பிரிவு. பிஎஸ்ஏசியில் தேறாத பிள்ளைகள் மற்றவர்கள் மூன்றாண்டில் முடிப்பதை நான்காண்டில் படித்து, அதே என்சிஇ எழுத வேண்டியிருந்தது. வீட்டில் அந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளை ஆங்கிலக் கேள்வித்தாளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடும். ஆசிரியர் கேள்வியைக் கிரியோலில் சொன்னால் விடை வரும். தேர்வறையில் யார் சொல்வது? அனுபவமுள்ள ஆசிரியரை இந்த வகுப்புக்குப் போடுவதா, தேர்ச்சி தரும் வகுப்புக்கா என்பது ரெக்டரின், அதாவது பள்ளித் தலைவரின், பாடாக இருந்தது.

தமிழ் ஆசிரியர் கதை வேறு. தமிழ் விருப்பப் பாடம். வகுப்பில் பிள்ளைகள் குறையாமல் பார்த்துக்கொள்வதே அவருக்குப் பெரிய கவலை.